கொத்தாக விழுந்ததா, தற்செயலா?

அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு. நடுவில் திருப்பூர் முழுசாகக் கிடக்கிறது. அவிநாசியில் கிளம்பும் சாலை திருப்பூருக்குள் புகுந்து தெற்கே இறங்கி, காங்கயத்துக்கும் பல்லடத்துக்கும் இடையில் கோவை–திருச்சி சாலையைத் தொடும் ஊர்தான் அவிநாசிபாளையம். அந்தப் பக்கத்தில் என் மாப்பிள்ளை ஒருவன் சின்னதாக நிட்டிங் யூனிட் போட்டிருக்கிறான். ஜாப் ஒர்க்தான். நூல் பார்ட்டியுடையது, மெஷினும் கரண்ட் பில்லும் தலைவலியும் இவனுடையது.

நான் போன அன்று செக்கிங் மெஷினில் துணி ஓடிக்கொண்டிருந்தது. சாய்வாக வைத்த கண்ணாடி, அதற்குப் பின்னால் ட்யூப்லைட், மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் சிங்கிள் ஜெர்சி. ஓட்டை வரும் இடத்தில் வெளிச்சம் குத்திக்கொண்டு வெளியே வரும். செக்கர் மெஷினை நிறுத்தி, ஸ்டிக்கர் ஒட்டி, தாளில் பாயின்ட் எழுதுவார். ஃபோர் பாயின்ட் கணக்கு என்பார்கள். மூன்று அங்குலம் வரையிலான குறைக்கு ஒரு பாயின்ட், ஆறு வரைக்கும் இரண்டு, ஒன்பது வரைக்கும் மூன்று, அதற்கு மேல் நான்கு. ஓட்டைக்கு மட்டும் தண்டனை அதிகம்: ஓர் அங்குலத்துக்குள் இருந்தாலே இரண்டு, தாண்டினால் நான்கு. எல்லாவற்றையும் கூட்டி நூறு சதுர கெஜத்துக்கு எத்தனை என்று வகுத்தால் ரோலின் ஜாதகம் வந்துவிடும். பெரும்பாலும் நாற்பதுக்குள் இருந்தால் பாஸ்.

அன்று இரண்டு ரோலுக்கு ஒரே பாயின்ட் வந்தது. ஒன்றை கட்டிங் மாஸ்டர் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார், இன்னொன்றைத் திருப்பி அனுப்புவார் என்றான் மாப்பிள்ளை.

"இதுல பாருங்க மாமா, அத்தனை ஓட்டையும் ஒரே இடத்துல. அரை மீட்டர் வெட்டிப் போட்டா மீதி தங்கமுங்க. அதுல மீட்டருக்கு ஒண்ணா இறைஞ்சு கிடக்குது. எந்தப் பீஸை எடுத்தாலும் ஒரு ஓட்டை. பாயின்ட்டு பாத்தா ரெண்டும் ஒண்ணுதானுங்க."

சராசரிக்குக் கண் கிடையாது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்குள் மூன்றாவது ரோல் ஏறியது. இங்கே நாலு ஓட்டை, அப்புறம் வெறுமை, அப்புறம் மூன்று. மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "கொத்துக் கொத்தா விழுகுது. மெஷின்ல என்னமோ கோளாறுங்க." நான் கேட்டேன்: "கோளாறே இல்லாம, சும்மா தற்செயலா விழுந்திருந்தா எப்படி இருக்கும்னு தெரியுமா?" அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

ஆனால் அந்தக் கேள்வி ஏற்கனவே ரொம்ப தூரம் நடந்த கேள்வி. புழு எண்ணியவர்கள், பஞ்சாலை ஆய்வகத்தார், பால்வீதியைப் பார்த்தவர்கள் என்று பலர் கைமாறி, இன்றைக்குக் கேலக்ஸிகள் வானத்தில் எப்படிக் கொத்துக் கட்டியிருக்கின்றன என்று அளப்பவர்களுக்குப் பிழைப்பே அதுதான்.

பயணத்தில் ஒரு நிறுத்தம் நம் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. தற்செயலை அச்சடித்துப் புத்தகமாகப் போட்ட முதல் ஆள் பஞ்சாலைக்காரர். பெயர் எல்.எச்.சி. டிப்பெட். மான்செஸ்டரில் பருத்தித் தொழிலுக்காக இயங்கிய ஷெர்லி ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர். மாதிரி எடுக்கும் கணக்குகளைச் சோதிக்க அவருக்குக் கலப்படமில்லாத தற்செயல் வேண்டியிருந்தது. சீட்டுகளைப் பையில் போட்டுக் குலுக்கிப் பார்த்தார்; குலுக்கல் சரியாகக் கலக்கவில்லை. பிறகு குடிக்கணக்கு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கி, மொத்தம் 41,600 இலக்கங்களை நான்கு நான்காகக் கோத்து 1927இல் வெளியிட்டார். வெறும் எண்கள்தான். முன்னதற்கும் பின்னதற்கும் எந்த உறவும் இல்லை என்பதே அந்தப் புத்தகத்தின் முழுப் பெருமை. இந்தியாவுக்கும் அது சீக்கிரமே வந்துவிட்டது. மகலனோபிஸும் கூட்டாளிகளும் கல்கத்தாவில் டிப்பெட்டின் எண்களை வைத்து மாதிரி அட்டவணைகள் போட்டு 1934இல் 'சங்க்யா' இதழில் வெளியிட்டார்கள்.

அதே 1934இல் எட்வின் ஹபிள் வானத்தின் 1,283 இடங்களில் சுமார் 44,000 கேலக்ஸிகளை எண்ணி முடித்திருந்தார். தற்செயலாக இறைந்திருந்தால் இடத்துக்கு இடம் எண்ணிக்கை இவ்வளவுதான் ஏறி இறங்க வேண்டும் என்று பாய்சான் கணக்கு ஒன்று உண்டு. ஹபிளின் எண்கள் அதை மீறி ஆடின. ஆக, கேலக்ஸிகள் கொத்துக் கட்டுகின்றன. எந்தத் தூரத்தில் எவ்வளவு கட்டுகின்றன என்று கேட்க அன்றைக்குக் கருவி இல்லை.

கருவி வயலிலிருந்து வந்தது. ஜெர்சி நெய்மன் போலந்தில் முனைவர் பட்டம் வாங்கி, லண்டன் போய், 1938இல் அமெரிக்காவின் பெர்க்லிக்கு வந்தவர். அடுத்த ஆண்டே வயலில் கிடக்கும் புழுக்களின் எண்ணிக்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இதை அவிநாசிபாளையத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆமணக்கிலும் நிலக்கடலையிலும் விழும் புரொடீனியாவைப் பாருங்கள். தாய் அந்துப்பூச்சி இலையின் அடியில் ஒரே இடத்தில் குவியலாக முட்டை போடும். பொரித்த குஞ்சுகள் அந்த இலையைச் சல்லடையாக்கிவிட்டு மெல்ல அக்கம்பக்கம் நகரும். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணினால் பல கட்டத்தில் ஒன்றும் இருக்காது, சிலவற்றில் அள்ளும். நெய்மன் இதை இரண்டு படியாகப் பிரித்தார்: முட்டைக் குவியல் விழும் இடம் தற்செயல், குவியலிலிருந்து புழுக்கள் சிதறுவது இன்னொரு தற்செயல். இரண்டு தற்செயலை அடுக்கினால் கொத்து கிடைத்துவிடுகிறது.

1952இல் நெய்மனும், வானியலில் பட்டம் வாங்கிப் புள்ளியியலுக்கு வந்த எலிசபெத் ஸ்காட்டும் சேர்ந்து இதே சட்டகத்தைத் தூக்கி வானத்தில் மாட்டினார்கள். புழு இருந்த இடத்தில் கேலக்ஸி, முட்டைக் குவியலுக்குப் பதில் கொத்தின் மையம். கேலக்ஸி எல்லாமே ஏதோ ஒரு கொத்தைச் சேர்ந்ததுதான் என்று துணிந்து எழுதினார்கள். இன்றும் நெய்மன்–ஸ்காட் என்ற பெயரில் அந்த மாதிரி உயிரோடு இருக்கிறது.

இந்த இடத்தில் எதிர்த்திசையிலிருந்து ஒரு தமிழர் வருகிறார். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய அவருடைய எல்லைக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். பால்வீதியின் வெளிச்சம் ஏன் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று 1950 முதல் 1952 வரை மெக்சிகோவைச் சேர்ந்த கீடோ மூன்ஷுடன் அவர் எழுதிய ஐந்து கட்டுரைகளைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. நட்சத்திர வெளிச்சத்தை மறைக்கும் தூசியைத் தனித்தனி மேகங்களாகக் கணக்கிட்டுத்தான் தொடங்கினார்கள். தொடரின் முடிவில் தனி மேகம் என்ற எண்ணத்தையே விட்டார்கள். அடர்த்தி என்பது எங்கும் நிறைந்து, ஏறியும் இறங்கியும் போகிற ஒன்று. ஓரிடத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் இன்னோரிடத்து ஏற்ற இறக்கத்துக்கும் எவ்வளவு ஒட்டுறவு என்று கேட்டால் போதும் என்றார்கள்.

நெய்மனுக்கும் சந்திரசேகருக்கும் இருந்த வித்தியாசம் புரிய ஒரு நூல் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் போதும். 1940களின் கடைசியில் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஊஸ்டர் கருவி இன்று நம் ஸ்பின்னிங் மில்களில் ஓடுகிறது. அந்தத் தாளில் ஒரு பக்கம் கிலோமீட்டருக்கு எத்தனை தடிப்பு, எத்தனை மெலிவு, எத்தனை நெப் என்று தனித்தனியாக எண்ணியிருக்கும். அது நெய்மன் பார்வை. பக்கத்திலேயே சிவி என்று ஒரு சதவீதம் இருக்கும். நூல் முழுக்க எடை எவ்வளவு அலைகிறது என்பதற்கு. அது சந்திரசேகர் பார்வை. மில்காரர் இரண்டையும் பார்ப்பார். வானியல்காரர்கள் அப்படி இல்லை, பெரும்பாலோர் இரண்டாவதன் பக்கம் போய்விட்டார்கள்.

அதற்கு வழி போட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நெல்சன் லிம்பர். சந்திரசேகரும் மூன்ஷும் பால்வீதிக்குச் சொன்னதை 1953இலும் அடுத்த ஆண்டும் கேலக்ஸிகளுக்குப் பொருத்தினார். அவர் அவிழ்த்த முடிச்சு கட்டிங் டேபிளில் தெரியும் முடிச்சு. நூறு அடுக்கு லே போட்ட துணியை, அது கண்ணாடி மாதிரி இருப்பதாக நினைத்துக்கொண்டு, மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஓட்டை கொத்தாக இருந்தாலும் நூறும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சமமாக இறைந்தது போலக் காட்டும். வானமும் அப்படித்தான், பக்கத்து கேலக்ஸியும் தூரத்து கேலக்ஸியும் ஒரே தட்டில் ஒட்டியது போலத் தெரிகின்றன. தட்டையில் தெரியும் நீர்த்துப்போன கொத்திலிருந்து, ஆழத்தில் இருக்கும் உண்மையான கொத்தை மீட்கும் சமன்பாட்டை அவர் தந்தார். லிம்பர் சமன்பாடு என்றே இன்றும் அதற்குப் பெயர்.

இனி எண்ணும் முறை. ஒரு ரோலில் 12 ஓட்டை என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்த்தால் 66 ஜோடி. டேப்பை எடுத்து 66 தூரத்தையும் அளந்து, ஒரு சாணுக்குள் எத்தனை, இரண்டு சாணுக்குள் எத்தனை என்று எழுதுங்கள். பிறகு அதே அகலம், அதே நீளத்தில் ஒரு பொய் ரோல் வரைந்து, டிப்பெட்டின் எண்களைக் கொண்டு 12 ஓட்டையைத் தற்செயலாகப் போடுங்கள். அதிலும் 66 ஜோடி. உண்மை ரோலின் எண்ணிக்கையைப் பொய் ரோலின் எண்ணிக்கையால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். மிச்சம் பூஜ்யம் என்றால் அந்தத் தூரத்தில் கொத்தே கிடையாது. ஒன்று என்றால் தற்செயலைப் போல இரண்டு மடங்கு ஜோடி. இருபுள்ளி ஒட்டுறவுச் சார்பு என்று பாடப்புத்தகம் பயமுறுத்துவது இவ்வளவுதான். பாதி வேலை பொய் ரோல் தயாரிப்பதில் இருக்கிறது.

லிக் வானாய்வகத்தில் ஷேனும் விர்ட்டனனும் 1947 தொடங்கி 1,246 புகைப்படத் தகடுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் கேலக்ஸிகளைக் கண்ணாலேயே எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து 1969இல் ஜப்பானில் டொட்சுஜியும் கிஹாராவும் ஒரு விதி கண்டார்கள்: தூரம் இரட்டித்தால் கொத்தின் மிகுதி மூன்றரை மடங்கு குறையும். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிரின்ஸ்டனில் ஜேம்ஸ் பீபிள்ஸ் 1970களில் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் சொன்ன பிறகுதான் உலகம் கேட்டது. 2019இல் நோபல் பரிசில் ஒரு பங்கும் வந்தது. அவருடைய குழு கண்ட கணக்கில், சுமார் 2.3 கோடி ஒளியாண்டு தூரத்தில் தற்செயலைப் போல இரண்டு மடங்கு ஜோடி இருக்கிறது.

ஓரம்தான் பிறகு தொல்லை கொடுத்தது. துணியின் ஓரத்தில் விழுந்த ஓட்டைக்கு ஒரு பக்கம் அண்டை வீடே கிடையாது. வானத்தை முழுசாகப் படமெடுக்க முடியாது. பால்வீதி மறைக்கும், பிரகாசமான நட்சத்திரம் மறைக்கும், படத்தில் பொத்தல் விழும். அதனால் பொய் வானத்தையும் அதே அட்டை வைத்து, அதே பொத்தலோடு வெட்ட வேண்டும். உண்மைப் புள்ளியைப் பொய்ப் புள்ளியோடும் ஜோடி சேர்த்துப் பார்த்தால் ஓரத்தின் குழப்பம் அடங்கும் என்று 1993இல் லாண்டியும் சாலேயும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். உண்மை–உண்மை ஜோடி, கழித்தல் இரண்டு முறை உண்மை–பொய், கூட்டல் பொய்–பொய். எல்லாவற்றையும் பொய்–பொய்யால் வகு. அடக்கமான சூத்திரம். இந்தத் துறையில் இதைத் தொடாமல் யாரும் நகர முடியாது.

அந்த வகுத்தலில்தான் 2005இல் ஐசன்ஸ்டைனும் கூட்டாளிகளும் 46,748 சிவப்புக் கேலக்ஸிகளின் ஜோடிகளில் ஒரு சின்ன மேட்டைக் கண்டார்கள், சுமார் 50 கோடி ஒளியாண்டு தூரத்தில். மில் பாஷையில் இது ஸ்பெக்ட்ரோகிராமில் எழும் குச்சி. ரிங் ஃப்ரேமின் முன் ரோலர் 27 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்றால், அதில் கோணல் இருந்தால் நூலில் எட்டரை சென்டிமீட்டருக்கு ஒரு தடிப்பு வரும். ரிப்போர்ட்டில் எட்டரையில் குச்சி நின்றதுமே எந்த ரோலர் என்று ஃபிட்டர் சொல்லிவிடுவார். அண்டத்தின் ரோலர், அது பிறந்து முதல் 3,80,000 ஆண்டுகள் கொதித்த ஒளி–பருப்பொருள் குழம்பில் ஓடிய ஒலி அலை. குழம்பு ஆறியதும் அலை அந்த இடத்திலேயே உறைந்தது. பிறகு அண்டம் விரிந்து அந்தத் தூரம் 50 கோடி ஒளியாண்டாக நீண்டது.

அந்தக் கணக்கெடுப்புக்குத் தூரம் அளந்த விதம் நிட்டிங்காரர் யாருக்கும் பிடிக்கும். அலுமினியத் தட்டில் கேலக்ஸி இருக்கும் இடமெல்லாம் துளை போட்டு, ஒரு தட்டுக்கு 640 கண்ணாடி இழைகளைக் கையாலேயே செருகினார்கள், கிரீலில் கோனுக்குக் கோன் நூல் பிடித்துக் கொடுக்கிற மாதிரி. ஒரு சங்கடம்: இழையின் நுனிக்குத் தடிமன் உண்டு. ரொம்ப நெருங்கிய இரண்டு கேலக்ஸிக்கு இரண்டு இழை செருக இடம் போதாது, ஒன்று விட்டுப்போகும். கொத்தை அளக்கப் போன கருவியே கொத்தின் நெருக்கத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். அதையும் திருத்திக்கொள்ள வேண்டும். இப்போது அரிசோனாவில் ஓடும் டெசி என்ற கணக்கெடுப்பில் 5,000 இழைகளை ரோபோக்களே நகர்த்துகின்றன. நெருக்கடி மட்டும் முற்றிலும் தீரவில்லை.

கண்ணால் எண்ணிய லிக் கணக்குக்கும் ஒரு நாள் செக்கிங் வந்தது. 1986இல் டி லாப்பரான், கர்ட்ஸ், கெல்லர் மூவரும், தகட்டுக்குத் தகடு எண்ணிக்கைத் தரம் மாறியிருக்கிறது, கொத்து என்று சொன்னதில் கொஞ்சம் எண்ணியவர்களின் கண்ணாகவும் இருக்கலாம் என்றார்கள். பீபிள்ஸ் தரப்பு பதில் சொன்னது. ஒரே ரோலை இரண்டு செக்கரிடம் கொடுத்து இரண்டு பாயின்ட் வாங்கியவர்களுக்கு இந்தச் சண்டை புதிதில்லை.

அதே ஆண்டு கெல்லரும் கூட்டாளிகளும் வெளியிட்ட வானத் துண்டு ஒன்றில் கேலக்ஸிகள் கொத்தாக மட்டும் இல்லை, நூல் நூலாக, சவ்வு சவ்வாக ஓடின. ஜோடி எண்ணும் கணக்குக்கு இது எட்டாது. இரண்டு இரண்டாகப் பார்க்கிறவனுக்கு உருண்டைக் கொத்தும் நீண்ட இழையும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடக்கூடும். இங்கேதான் பயணம் புணேவுக்கு வருகிறது. 1998இல் அயூக்கா மையத்தின் வருண் சானி, பி.எஸ். சத்யபிரகாஷ், செர்கே ஷாண்டரின் மூவரும் ஒரு கொத்தின் கனஅளவு, பரப்பு, வளைவு ஆகியவற்றிலிருந்து அதன் தடிமன், அகலம், நீளம் மூன்றையும் பிரித்தெடுக்கும் வழி சொன்னார்கள். தடிமனைவிட அகலம் ஓங்கினால் அது துணி. அகலத்தைவிட நீளம் ஓங்கினால் நூல். இரண்டும் ஓங்கினால் நாடா. திருப்பூரில் பிறந்திருக்க வேண்டிய கணக்கு என்று எனக்கு ஒரு பொறாமை.

நூல் போலத் தெரிவதெல்லாம் நூல்தானா? தற்செயலாக இறைந்த புள்ளிகளிலும் கண் கோடு இழுத்துக்கொள்ளும். சுகேது பாவ்சரும் லிங்கும் 1988இல் ஒரு தந்திரம் செய்தார்கள்: படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, சீட்டுக் கட்டுபோலக் கலைத்து, திரும்ப ஒட்டு. சதுரத்துக்குள் அடங்கும் உண்மையான இழை பிழைத்துக்கொள்ளும். சதுரத்தைத் தாண்டி நீண்டது அறுபடும். கலைத்த பிறகும் அதே அளவு நீள இழைகள் தெரிந்தால், அவை தற்செயலாக முனையோடு முனை சேர்ந்தவை. 2004இல் கரக்பூர் ஐஐடியின் சோம்நாத் பரத்வாஜ், பாவ்சர், அயூக்காவின் ஜதுஷ் சேத் மூவரும் சிலியில் எடுத்த லாஸ் கம்பானாஸ் கணக்கெடுப்பை இப்படிச் சின்னச் சதுரத்திலிருந்து பெரிய சதுரம் வரை வெட்டி வெட்டிக் கலைத்தார்கள். இன்றைய அளவில் சுமார் 33 முதல் 37 கோடி ஒளியாண்டு வரையிலான இழைகள் உண்மை என்று வந்தது. அதற்கு மேல் நீண்டவை எல்லாம் நம் கண் தைத்த தையல்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது டீ ஆறிப்போயிருந்தது. "வெட்டி மாத்தித் தெச்சா நீடில் லைன் அந்துபோகுமுங்களே மாமா" என்றான். "அந்தும் கோடு தெரிஞ்சா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த வாரம் இரண்டு கிராஃப் தாளோடு போனேன். ஒன்றில் அந்த மூன்றாவது ரோலின் ஓட்டைகள், ஸ்டிக்கர் இருந்த இடத்தை அளந்து வைத்த புள்ளிகள். இன்னொன்றில் அதே எண்ணிக்கைப் புள்ளிகள். இடத்தை என் போன் தற்செயலாக எடுத்துக் கொடுத்தது. எது எதுவென்று சொல்லவில்லை. இரண்டையும் செக்கிங் கண்ணாடிமேல் பரப்பி லைட்டைப் போட்டான். முதல் தாளைப் பார்த்து, "இது பரவால்லீங்க, ஓட்டிக்கலாம்" என்று ஒதுக்கி வைத்தான். இரண்டாவதைக் குனிந்து பார்த்தான். ஒரு மூலையில் சேர்ந்து விழுந்த அஞ்சு புள்ளியைப் பென்சிலால் வட்டம் போட்டான். நடுவில் விரல் வைத்துக் கோணலாக ஒரு கோடு இழுத்தான்.

"இந்த ரோல் எந்த மெஷின்ல ஓடுச்சுங்க மாமா?"